வள்ளம் வேறு, கட்டுமரம் வேறு

ஆசிரியருக்கு,

கடல்சார் சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். ஒரே ஒரு வரியில்தான் இடறிவிட்டது. கட்டுமரத்துக்கு ஈழத்தில் வழங்கும் பெயர்தான் வள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கடற்கழியான நந்திக்கடல் கரையில் வந்து இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கட்டுமரம், பெயரிலேயே இருக்கிறதே, மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதன் மேலேதான் இருக்கலாம், உள்ளே என்று ஒன்று கிடையாது. அலை ஏறினாலும் தண்ணீர் இடுக்கால் வடிந்துவிடும். வள்ளமோ மரத்தைக் குடைந்து எடுத்தது. பலகை வைத்துக் கட்டியதற்கும் பிறகு அந்தப் பெயரே நின்றது. அதற்குள் தண்ணீர் வந்தால் இறைத்தே ஆகவேண்டும். சின்ன வயதில் பெரியப்பாவோடு அந்தக் களப்பில் (கழியில்) இறாலுக்குப் போனால் எனக்கு அந்த வேலைதான். அவர் கம்பை ஊன்றித் தள்ளுவார். நான் வாய் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தால் இறைத்துக்கொண்டே இருப்பேன். கட்டுமரமாக இருந்திருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டே போயிருக்கமாட்டார்.

இந்தக் குடைவில்தான் சொல்லின் சூட்சுமம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பழைய இலக்கியத்தில் வள்ளம் என்றால் கிண்ணம். கம்பனில் கள் குடிப்பதும் வள்ளத்தில்தான். கொங்கு நாட்டில் தானியம் அளக்கும் பாத்திரத்துக்கும் அதே பெயர். மலையாளத்தில் நம்மைப் போலவே படகு, அவர்களின் படகுப் போட்டியான வள்ளங்களி தெரியாதவர் யார்? எல்லாமே உட்குழிந்த பொருட்கள். ‘கலம்’ வந்த வழியும் இதுவே. உண்கலம் பாத்திரம், மரக்கலம் கப்பல், 12 மரக்கால் நெல் ஒரு கலம். புறநானூறு 343ஆம் பாட்டில் சேரர் துறைமுகமான முசிறிக்குப் பொன் கொண்டுவருவது கலம், அதைக் கழி வழியே கரை சேர்ப்பது தோணி. அன்றைக்கே எதற்கு எந்தப் பெயர் என்பதில் குழப்பம் இல்லை.

ஆங்கிலக்காரர் நம்முடைய கட்டுமரத்தைக் கடன் வாங்கிப்போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கு ‘கற்றமரன்’ என்கிறார்கள். சரி, அவர்கள் கட்டுமரத்தில் ஏறிப் பார்த்தவர்கள் இல்லை. தமிழ்ச் சஞ்சிகையே மாற்றி எழுதலாமா?

இப்போது எங்கள் பக்கம் மரம் குடைந்த வள்ளத்தைக் காண்பது அரிது. எங்கும் எஞ்சின் பூட்டிய பைபர் படகுதான். ஆனாலும் விடியற்காலையில் கரையில் நிற்கிறவரைக் கேட்டால், “வள்ளம் இன்னும் வரேல்லை” என்றுதான் சொல்வார். அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வட்டுவாகல், முல்லைத்தீவு.