கொள்ளுச் சாறும் ரத்த அழுத்தமும்: சோதனைக் குழாயில் நடந்தது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொள்ளு, பாசிப்பயறு, பால் ஆகியவற்றின் புரதத்தில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பெப்டைடு (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு) இருப்பதாக ஆய்வகச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பல, ஒரே ஒரு குழாய்ச் சோதனையை நம்பி எழுதப்பட்டவை. அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

ஏ.சி.இ. என்ற நொதி, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 உருவாகக் காரணமானது. குஷ்மனும் சியூங்கும் 1971இல் வெளியிட்ட முறையில், முயல் நுரையீரலிலிருந்து எடுத்த இந்த நொதியோடு, அது வெட்டக்கூடிய ஹிப்யூரில்-ஹிஸ்டிடில்-லூசின் என்ற சிறு செயற்கைப் பெப்டைடைச் சேர்த்து, பி.எச். 8.3இல், 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். பிறகு அமிலம் விட்டு வினையை நிறுத்தி, நொதி வெட்டியதால் விடுபட்ட ஹிப்யூரிக் அமிலத்தை எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்து, 228 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். பயற்றுப் புரதச் சாறு சேர்த்த குழாயில் அந்த அமிலத்தின் அளவு குறைந்தால் நொதி தடுக்கப்பட்டது என்று பொருள். எது தடுத்தது என்பதை இந்த அளவு சொல்லாது.

ஏ.சி.இ. வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். பயறில் இயற்கையாக உள்ள பைட்டேட் (பைட்டிக் அமிலத்தின் உப்பு) துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெப்டைடு ஒன்றுமே செய்யாவிட்டாலும் நொதி மந்தமாகலாம். 3 கிலோடால்டனுக்கு (3,000 டால்டன்; டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்டவற்றைத் தடுக்கும் சவ்வில் வடிகட்டினாலும் தப்ப முடியாது. பைட்டிக் அமிலம் வெறும் 660 டால்டன்; பெப்டைடோடு அதுவும் இறங்கிவிடும். உப்பு இன்னொரு தொல்லை. உப்பிலுள்ள குளோரைடு நொதிக்குத் தேவை; அதன் அளவு மாறினால் நொதியின் வேகமும் மாறும். காரமும் அமிலமும் மாறி மாறிச் சேர்த்துத் தயாரித்த சாற்றில் உப்பு ஏறியிருக்கும். அதே அளவு உப்பு, சாறு சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயிலும் இருந்தாக வேண்டும். சாற்றின் பீனால் பொருள்களும் எத்தில் அசிடேட்டில் கரைந்து 228 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். நொதி சேர்க்காமல் சாறு மட்டும் வைத்த குழாயின் அளவைக் கழிக்காவிட்டால், உண்மையான தடைகூட மறைந்துபோகும். சந்தேகம் தீர, பெப்டைடின் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்து, அதையே தனியாகத் தயாரித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

பல ஆய்வுகளில் புரதத்தை வெட்டிப் பெப்டைடாக்குவது ஆல்கலேஸ். அது பாக்டீரியா நொதி, நம் குடலில் இல்லாதது. வயிற்றிலும் குடலிலும் நடப்பதை அறிய இன்ஃபோஜெஸ்ட் என்ற செரிமானச் சோதனை முறை இருக்கிறது: பி.எச். 3இல் இரைப்பை நொதியான பெப்சினோடு 2 மணி நேரம், பிறகு பி.எச். 7இல் கணைய நொதிக் கலவையான பான்கிரியாட்டின், பித்த உப்போடு 2 மணி நேரம். இதைத் தாங்காத பெப்டைடைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

தாங்கினாலும் அளவு போதாமல் போகலாம். ஜப்பானியப் புளித்த பாலில் கண்டறிந்த ஐ.பி.பி. என்ற மூன்று அமினோ அமிலப் பெப்டைடு இதற்கு நல்ல சான்று. குழாயில் நொதியைப் பாதியாகத் தடுக்க அதில் சுமார் 5 மைக்ரோமோலார் வேண்டும். ஏ.சி.இ.யைத் தடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையான கேப்டோபிரிலுக்கு 0.02 மைக்ரோமோலாரே போதும். ஐ.பி.பி. கலந்த பானத்தைக் குடித்தவர்களின் ரத்தத்தில் அது 1 நானோமோலாரைக்கூட (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டவில்லை. தேவைக்கும் கிடைத்ததற்கும் இடையே ஐயாயிரம் மடங்கு! மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. 2012இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஐ.பி.பி.க்கும் ரத்த அழுத்தத்துக்கும் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறிவிட்டது.

கேப்டோபிரிலின் பிறப்பும் ஒரு பெப்டைடிலிருந்துதான். பிரேசில் நாட்டு ஜராராக்கா பாம்பின் விஷத்தில் கிடைத்த டெப்ரோடைடு, ஒன்பது அமினோ அமிலம் கொண்டது. ஊசியில் ஏற்றினால் அழுத்தம் குறைந்தது, வாய்வழியே பயன்படவில்லை. அதனால்தான் குஷ்மனும் ஒன்டெட்டியும் விழுங்கக்கூடிய சிறு மூலக்கூறைத் தேடி உருவாக்கினார்கள். முன்னே சொன்ன சோதனை முறையைத் தந்தவரும் அதே குஷ்மன்தான்.

எலிச் சோதனைச் செய்திகளிலும் அளவு முக்கியம். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் என்றால், மனிதருக்கான அளவை அறிய, உடற்பரப்பைக் கணக்கிட்டு 6.2ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்குச் சுமார் 2.9 கிராம் வரும். இது தூய பெப்டைடுத் தூளின் எடை. கொள்ளின் எடையாக இதைப் படிக்கக் கூடாது.

இனி இத்தகைய செய்திகளில் சோதனை குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்பதையும், செரிமானச் சோதனை நடந்ததா என்பதையும், கொடுத்த அளவையும் சேர்த்து வெளியிடுங்கள். கொள்ளு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்த வேண்டாம் என்ற வரியும் உடன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் ஆய்வாளர்கள்