அப்பாவுக்கு, அந்த உதோன் கடை பற்றி

அப்பா,

நாளைக்குத் தலைத்திவசம். ஏற்பாடெல்லாம் தம்பி பார்த்துக்கொள்கிறான். கடைசி மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அம்மா படிப்பாள், அத்தைகளும் படிப்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஜப்பானில், கியோத்தோவின் அந்த உதோன் நூடுல்ஸ் கடையில் கழிந்த மதியத்தைப் பற்றித்தான்.

சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, "நிகு ஓ தபேமாசென், சகானா ஓ தபேமாசென்" என்று சொல் சொல்லாக நிறுத்திப் படித்தீர்கள். இறைச்சி சாப்பிட மாட்டேன், மீன் சாப்பிட மாட்டேன். கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார். அப்புறம் "தாஷி" என்று சொல்லி இரண்டு கைகளையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினார். தாஷி என்றால் சாறு. அந்தச் சாறே மீன் சீவலில் கொதித்தது. நீங்கள் விடவில்லை, அடுத்த பக்கம் புரட்டினீர்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "போதும்பா" என்று நான் குறுக்கே போனை நீட்டினேன். உப்பில் ஊறிய உமே காய் வைத்த சோற்று உருண்டை வந்தது. நோட்டு பைக்குள் போனது. மீதி நான்கு நாளும் அது வெளியே வரவே இல்லை.

மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த வெட்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? ஏழு வயதில் "வாளைப்பளம்" என்றதற்கு, வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் பத்து முறை திருப்பிச் சொல்ல வைத்தவர் நீங்கள்தானே. தப்பாகப் பேசுவதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். அப்படி வளர்த்துவிட்டு, நீங்கள் மட்டும் அந்நிய ஊரில் தட்டுத்தடுமாறி அவ்வளவு சந்தோஷமாகப் பேசினால் எனக்குக் கோபம் வராதா?

இப்போது சனிக்கிழமைதோறும் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன். நீங்கள் சொன்னது போலவே, வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. நம் "ஐ" உருபு நிற்கிற இடத்தில் அவர்களுக்கு "ஓ". "இருக்கிறதா" என்பதற்கு "அரிமாசு கா". ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் உறவுமொழிகள் என்றதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. நமக்குள் நடந்த அந்த வாதத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் உங்கள் வாக்கியத்தை வகுப்பில் சொல்லிக் காட்டினேன். ஒரு பிழைகூட இல்லையாம்.

நவம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், தனியாக. போனை அறையில் வைத்துவிட்டு அந்தக் கடைக்குப் போவேன். கொம்பு என்கிற கடற்பாசியிலும் தாஷி செய்வார்கள் அப்பா. "கொம்பு தாஷி அரிமாசு கா" என்று கேட்கப் போகிறேன்.

நோட்டை நேற்றுதான் திறந்தேன். மீன், இறைச்சி வாக்கியங்களுக்கு அடுத்த பக்கத்தில் "வதாஷி நோ முசுமே சான் தெசு" என்று எழுதி, "சான்" என்பதை மட்டும் அடித்திருக்கிறீர்கள். நம் வீட்டாரைப் பிறரிடம் சொல்லும்போது அந்த மரியாதை ஒட்டு கூடாது என்று ஆசிரியர் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தார்.

இவள் என் மகள்.

அன்றைக்கு நீங்கள் புரட்டிய பக்கம் இதுதான்.