கோளாறு கோப்பில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவிறக்கிய ஆவணத்தைத் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) படிக்கவில்லை என்றால், பழி உடனே மென்பொருள்மீது விழுகிறது. பெரும்பாலும் கோளாறு இருப்பது கோப்பில்தான்.

கோப்பு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் கன்ட்ரோல்+ஜே அழுத்தினால் பதிவிறக்கப் பட்டியல் வரும். எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி உலாவியில் அமைத்துக்கொண்டால், பெயரையும் அப்போதே மாற்றிவிடலாம். அடையாளம் பெயரின் முதல் சொல்லிலேயே இருக்கட்டும்; அம்புக்குறியால் பட்டியலில் இறங்கி வருபவர் முழுப் பெயரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஜிப் கோப்பை விரித்த பிறகே திறக்க வேண்டும். இணையத்திலிருந்து வந்த வேர்டு கோப்பு, திருத்த விடாமல் பாதுகாப்பாகக் காட்டும் 'புரொடெக்டட் வியூ'வில் திறப்பதால் வாசிப்பு தடுமாறலாம். அனுப்பியவர் நம்பகமானவர் என்றால் மட்டும் ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதிக்குப் போய் 'எனேபிள் எடிட்டிங்' கொடுக்கலாம்.

அதன்பிறகும் மௌனம்தானா? முதலில் குரலைப் பாருங்கள். தமிழ் தெரியாத ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் என்விடிஏ விசை (வழக்கமாக இன்செர்ட்)+கன்ட்ரோல்+எஸ் அழுத்தி, தமிழ் பேசும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் உண்டு.

குரலில் குறையில்லை என்றால் பிடிஎஃப்பைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். முழுவதையும் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாறும். ஸ்கேன் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருந்தால் பிழை குறையும். பக்கம் சாய்ந்திருந்தாலோ செய்தித்தாள்போல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாக இருந்தாலோ வரிகள் கலந்துவிடக்கூடும். எண்களையும் பெயர்களையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒட்டியதில் ஆங்கில எழுத்துகள் கொட்டினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. அதில் அடித்த 'அம்மா' கண்ணுக்குத்தான் அம்மா. கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி சொல்கிறது, பாவம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றினால் குப்பைதான் மிஞ்சும். அடோபி ரீடரில் கன்ட்ரோல்+டி அழுத்தி, ஃபான்ட்ஸ் பகுதியில் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். யூனிகோட் தமிழாகவே ஒட்டும். ஆனால் கொம்பு முன்னால் ஓடி, கால் தனியே நின்று, சொற்கள் துண்டுதுண்டாக ஒலிக்கும். பிடிஎஃப் உருவானபோது எழுத்துருவின் வடிவங்களுக்கும் யூனிகோட் எழுத்துகளுக்குமான பொருத்தம் சரியாகப் பதிவாகாததே காரணம். இங்கே எழுத்தைச் சுரண்டி எடுப்பதைவிட, பக்கத்தைப் படமாக்கி மேலே சொன்ன வழியில் எழுத்தாக மாற்றுவதே மேல். கண்ணுக்குத் தெரியும் வடிவம் சரியாகத்தானே இருக்கிறது!

கோப்பை வெளியிடுவோர் நினைத்தால் இவ்வளவு சிரமமும் மிச்சம். யூனிகோடில் தட்டச்சு செய்து, தலைப்புகளுக்கு எழுத்தைத் தடிமனாக்குவதோடு நிறுத்தாமல் வேர்டின் ஹெட்டிங் பாணியைக் கொடுங்கள். அப்போதுதான் ஹெச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். பிடிஎஃப் ஆக்கும்போது 'பிரின்ட் டு பிடிஎஃப்' வேண்டாம். அது அந்தக் கட்டமைப்பை உதறிவிடும். 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் தேர்வாகியுள்ளனவா என்று பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், பிடிஎஃப்புக்குப் பக்கத்திலேயே மூல வேர்டு கோப்பையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
திரைவாசிப்பான் பயிற்றுநர் ஒருவர்