முகாமில் இடுப்பையும் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 34 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் பக்கத்தில் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடந்தது. எடை, உயரம், பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தார்கள். இடுப்பை மட்டும் யாரும் அளக்கவில்லை. டேப் பிடிக்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று நினைக்க வேண்டாம். பட்டவன் சொல்கிறேன்.

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை 64 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு முகாமில் ‘எடை சரி’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடி, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பினேன். “ஒல்லி உடம்புக்கு எப்படிப்பா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது என் தொப்பையைத்தான். கொழுப்பு சும்மா மூட்டையாகக் கிடப்பதில்லை, சுரப்பி மாதிரி வேலை செய்கிறது என்றார். தொடையில், தோலுக்கடியில் இருப்பது அவ்வளவாகத் தொல்லை தராது. குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வம்பு. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காது. ரத்தக்குழாயைப் புண்ணாக்கும் பொருட்களும் அங்கிருந்தே கிளம்புகின்றன. குழாயைக் காக்கும் அடிபோநெக்டின் என்ற பொருளைச் சுரப்பதும் கொழுப்புதானாம்; தொப்பை வளர வளர அதன் சுரப்பு குறைந்துவிடுகிறது.

புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவர் கதையையும் சொன்னார். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு (பி.எம்.ஐ.) இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம் ஊர் உடம்பு அப்படி. அதனால்தான் நமக்கு இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.

இங்கேதான் என் தொழில் வருகிறது. ‘என் இடுப்பு 32தான்’ என்பார்கள் வாடிக்கையாளர்கள். அது தொப்பைக்குக் கீழே பேன்ட் நிற்கும் இடத்து அளவு. தொப்பை முன்னால் தள்ளத் தள்ள பேன்ட் கீழே இறங்குமே தவிர நம்பர் மாறாது. பத்து வருடமாக ஒரே அளவு என்று பெருமைப்படுகிறவர் சட்டையில் நாலாவது பட்டன் இழுத்துக்கொண்டு நிற்பதை நான்தானே பார்க்கிறேன்! டாக்டர் அளப்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். என் பேன்ட் 33. அப்போது அந்த இடத்தில் டேப் போட்டால் 38 அங்குலம், அதாவது 96 செ.மீ.க்கு மேல். சரி, இப்போது 36க்கு வந்திருக்கிறேன். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறேன். ராத்திரி பரோட்டா போயே போச்சு.

முகாம் நடத்துகிறவர்கள் சீட்டில் இன்னொரு கட்டம் போட்டு இடுப்பளவையும் எழுத வேண்டும். ஆள் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே டேப்போடு வருகிறேன். சட்டையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாது.

– ஒரு தையல்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்