அவைக்கு வராத அறிவிக்கை: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களே,

வணக்கம்.

2025 ஏப்ரல் 3 அதிகாலை, மணி இரண்டை ஒட்டி, மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு ஒப்புதல் கோரும் தீர்மானம் மக்களவையில் எடுக்கப்பட்டது. வக்ஃப் மசோதா விவாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு மாநிலத்தின் தலையெழுத்தைப் பேசுகிற நேரமா அது என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனாலும் தீர்மானம் அவைக்கு வந்தது, உறுப்பினர்கள் பேசினார்கள், உள்துறை அமைச்சர் பதில் சொன்னார். வராமல் இருக்க வழியில்லை. இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தராவிட்டால் பிரகடனம் காலாவதியாகிவிடும் என்று அரசமைப்பின் 356-ஆவது பிரிவு சொல்கிறது.

அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 30 அன்று, அதே மணிப்பூரைப் பற்றி உள்துறை அமைச்சகம் இன்னொரு முடிவை எடுத்தது. 13 காவல் நிலைய எல்லைகள் நீங்கலாக மாநிலம் முழுவதும் ‘கலவரப் பகுதி’ என்ற அறிவிப்பு மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. அதாவது, அஃப்ஸ்பா எனப்படும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அங்கே தொடரும். இந்த முடிவு எந்த அவையின் ஒப்புதலுக்கும் வரவில்லை. வரவேண்டும் என்று சட்டம் கேட்கவும் இல்லை. அரசிதழில் அச்சானது, முடிந்தது.

ஓர் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்ப உங்கள் ஒப்புதல் வேண்டும். உயிர் போனாலும் பரவாயில்லை, சுடலாம் என்று அஃப்ஸ்பா தரும் அதிகாரத்தை ஒரு ஹவில்தார் கையில் கொடுக்க உங்கள் ஒப்புதல் வேண்டாம். இந்த மடல் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

வடகிழக்கு எம்.பி.க்களை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வருகிறேன் என்று தோன்றலாம். மக்களவையில் மணிப்பூருக்கு இரண்டு இடம், நாகாலாந்துக்கு ஒன்று. நமக்கு 39. அது போக, 1976-இலும் 1991-இலும் ஆட்சி கலைக்கப்பட்டதைப் பார்த்த மாநிலம் இது. 356 என்ற எண்ணைக் கேட்டாலே நம் கட்சிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். 1965 மொழிப்போராட்டத்தில் பொள்ளாச்சிவரை ராணுவம் வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் நமக்கு வந்த ராணுவம் திரும்பிப் போய்விட்டது.

உள்நாட்டில் ராணுவத்தை இறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் படகோடு வந்தவர்களை யார் வேண்டாம் என்றார்கள்? கலவரத்தை அடக்க ராணுவத்தைக் கூப்பிடவும் சாதாரணச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆவது பிரிவைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 130. கூட்டத்தை வேறு எப்படியும் கலைக்க முடியாத நிலையில், அந்த இடத்தில் இருக்கிற மாவட்ட ஆட்சியரோ, அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ படையைக் கேட்கலாம். நம் ஊர்க் கணக்கில் ஓர் ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவுதான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் உடைமைக்கும் சேதம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. நாளைக்கு விசாரணை வந்தால், “நீங்கள் ஏன் கூப்பிட்டீர்கள்?” என்று கேட்க ஒரு சிவில் அதிகாரி இருக்கிறார்.

அஃப்ஸ்பாவின் 4-ஆவது பிரிவில் அந்த அதிகாரி காணாமல் போகிறார். தடையை மீறி ஐந்து பேர் கூடினாலோ, தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தாலோ, பொது ஒழுங்குக்கு அவசியம் என்று ஒரு படை அலுவலர் கருதினால் போதும். அவரே எச்சரித்து, அவரே சுடலாம். எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதும் அவர் முடிவு. இதற்கு முன்னோடி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை நசுக்க வைஸ்ராய் லின்லித்கோ 1942 ஆகஸ்ட் 15 அன்று போட்ட அவசரச் சட்டம். அதில்கூட இந்த அதிகாரம் கேப்டன் பதவிக்குக் கீழே இறங்கவில்லை. 1958-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை ஹவில்தார் போன்ற நான்-கமிஷண்ட் அலுவலர்வரை இறக்கியது. காலனி அரசைவிட ஒரு படி தாராளம்! மணிப்பூர் உறுப்பினர் லைஷ்ராம் அச்சாவ் சிங் அன்றைக்கே அவையில் எழுந்து எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

உச்ச நீதிமன்றம் 1997 நவம்பரில் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அரசமைப்பின் 7-ஆவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 2ஏ பதிவு ‘குடிமை அதிகாரத்துக்கு உதவியாக’ ஆயுதப்படைகளை அனுப்புவது பற்றிப் பேசுகிறது. உதவி என்றால் உதவிதான், குடிமை நிர்வாகத்தின் நாற்காலியில் ராணுவம் உட்கார முடியாது என்று நீதிமன்றம் விளக்கியது. கலவரப் பகுதி அறிவிப்பு காலவரையின்றி நீளக்கூடாது, ஆறு மாதம் முடிவதற்குள் மறுஆய்வு வேண்டும் என்றது. இப்போது நடக்கும் ஆறு மாத நீட்டிப்பு அங்கிருந்து வந்ததுதான். நல்ல நிபந்தனை. ஆனால் மறுஆய்வு செய்வது யார்? பெரும்பாலும் அறிவிப்பைப் போட்ட அதே அமைச்சகம்.

இதை நெருக்கடி நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1975-இல் பட்ட அடிக்குப் பிறகு, 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் 352-ஆவது பிரிவை இறுக்கியது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணம் போதாது, ‘ஆயுதக் கிளர்ச்சி’ இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல், அதுவும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு ஆறு மாதமும் மீண்டும் ஒப்புதல். மக்களவையின் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால், நெருக்கடி நிலையை நிராகரிப்பது பற்றிப் பேசச் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். நாடு முழுவதும் அடிபட்டபோது இத்தனை கட்டுப்பாடு எழுத முடிந்தது. ஒரு மூலை மட்டும் அடிபட்டுக்கொண்டே இருந்தால் எழுத ஆள் இல்லை.

ஓட்டிங் என்ற ஊர்ப் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். நாகாலாந்தின் மோன் மாவட்டம், 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை மாலை. வாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஒரு பிக்-அப் வண்டியில் எட்டுப் பேர் வீடு திரும்பினார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்துச் சிறப்புப் படையினர் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். தேடிப்போன ஊர்க்காரர்களோடு மோதல், மறுநாள் மோன் நகரில் கொந்தளிப்பு என்று பொதுமக்களில் மொத்தம் 14 பேரும், ஒரு படைவீரரும் உயிரிழந்தார்கள். நிறுத்தச் சொல்லியும் வண்டி வேகமெடுத்தது என்று உள்துறை அமைச்சர் அவையில் சொன்னார். உயிர் தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். எது உண்மை என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. டிசம்பர் 20 அன்று நாகாலாந்து சட்டமன்றம் அஃப்ஸ்பாவை நீக்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பத்தே நாளில், டிசம்பர் 30 அன்று, மாநிலம் முழுவதும் ‘கலவரமும் ஆபத்தும் நிறைந்த நிலை’ என்று சொல்லி அமைச்சகம் அறிவிப்பை நீட்டித்தது. மாநிலக் காவல்துறை 30 படையினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அஃப்ஸ்பாவின் 6-ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நகராது. 2023-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்று ஒரு வரி மட்டும் மிச்சம்.

இந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பதும் உங்கள் அவை வழியாகத்தான் வெளியே தெரிந்தது. 2001 முதல் ஜம்மு காஷ்மீரிலிருந்து வந்த 50 கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, மூன்று நிலுவையில் உள்ளன என்று 2018 ஜனவரியில் மாநிலங்களவைக்குப் பதில் வந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் உண்டு. போலீஸ் வேலைக்குப் பழக்கப்படாதவரைப் போலீஸ் வேலைக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்றால் யாரும் போகமாட்டார்கள். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்களில் போய் இதைப் பேசினால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதற்காகவே சொல்கிறேன்: அவரை அங்கே அனுப்பும் முடிவுக்கு அரசியல் பொறுப்பேற்க இன்று அவையில் யாரும் இல்லை. அமைச்சகக் கோப்புக்குப் பின்னால் எல்லோரும் நின்றுகொள்ள, முன்னால் நிற்பது அந்தச் சிப்பாய் ஒருவர்தான்.

அஃப்ஸ்பாவை ஆராய ஒன்றிய அரசே அமைத்த நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005-இலேயே இந்தச் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. எனக்கும் அதுவே விருப்பம். இருபது ஆண்டுகளாக நடக்காததை அடுத்த கூட்டத்தொடரில் செய்யுங்கள் என்று கேட்டால் இந்த மடலும் கிடப்புக்குத்தான் போகும். எனவே இரண்டு திருத்தங்கள் மட்டும் கேட்கிறேன், தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவாருங்கள். கலவரப் பகுதி அறிவிப்பு ஒவ்வொன்றும், ஒவ்வொரு நீட்டிப்பும், காரணங்களோடு இரு அவைகளின் முன் வைக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் காலாவதியாக வேண்டும். சமீப ஆண்டுகளில் பல நீட்டிப்புகள் அக்டோபர் 1 முதல் அமலுக்கு வருகின்றன. செப்டம்பர் கடைசியில் அவை பெரும்பாலும் கூடியிருக்காது. அப்படியான வேளையில் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரம் என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது, 6-ஆவது பிரிவு அனுமதிக்குக் காலக்கெடு. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவில் நீங்களே நிறைவேற்றியிருக்கிறீர்கள். அதே கெடு இங்கேயும் இருக்கட்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

மசோதாவுக்கு நாள் பிடிக்கும். அதுவரை ஒரு கேள்வி எழுப்புங்கள், அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வியாக இருந்தால் நல்லது: வடகிழக்கிலிருந்து இதுவரை எத்தனை அனுமதிக் கோரிக்கைகள் வந்தன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது? பதில் வந்ததும் அதைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்