பிள்ளைகளிடம் விற்ற சிறுகோள்கள்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் நம் பள்ளியில் நடந்த விண்வெளி முகாமைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "உங்கள் பெயரில் ஒரு சிறுகோள்" என்று சொல்லி, வெளியிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். வசூலித்துக் கொடுத்தவர்கள் வகுப்பாசிரியர்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தை மாதம் தவறிப்போன அவளுடைய அப்பாயியின் பெயரைக் கொடுத்திருக்கிறாள். சான்றிதழில் பொன்னிறக் கரை, ஓரத்தில் ஒரு முத்திரை, நடுவில் அப்பாயி பெயர், அடியில் வானத்தில் அது இருக்கும் இடம் என்று இரண்டு எண்கள். என்னிடம் சின்னத் தொலைநோக்கி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். சான்றிதழைக் கையோடு எடுத்துவந்து, "பெரியம்மா, அப்பாயியைக் காட்டுங்க" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐயா?

அந்தத் தாளில் சிறுகோளின் எண் இல்லை, தேதியும் இல்லை. தேதி போடாமல் ஒரு சிறுகோளின் இடத்தைச் சொல்லவே முடியாது. சிறுகோள் என்பது ஒரு பாறைத் துண்டு; பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, ஒரு புள்ளி மட்டும் இரவுக்கு இரவு நகர்வதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கவே செய்கிறார்கள். 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டது அப்படித்தான். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது.

பெயர் கிடைப்பதும் லேசில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்தியாவிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றுகூடக் கிடைக்காமல் இருந்து கிடைத்தது அது. முதலில் தருவது ஒரு தற்காலிகக் குறியீடு மட்டுமே. திரும்பத் திரும்பப் பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண். எண் வந்த பிறகே, கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு பெயரை முன்மொழியலாம். அதைச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். ராஜமோகன் கண்டதற்கு 4130 ராமானுஜன் என்ற பெயர் அந்த வழியில்தான் வந்தது. ஒன்றியம் பெயரை யாருக்கும் விற்பதில்லை.

ஒரு காலத்தில் கண்டுபிடித்தவரே பெயரை விற்றதும் உண்டு. 1885இல் வியன்னாவின் வானியலாளர் யோகான் பாலிசா, கிரகணம் பார்க்கப் போகும் செலவுக்காகப் பெயர் வைக்கும் உரிமையை 50 பவுண்டுக்குத் தருவதாக அறிவித்தார். ரோத்ஸ்சைல்ட் பிரபு வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார்: 250 பெட்டினா. ஆனால் பாலிசா விற்றது தானே கண்டுபிடித்த கோளை. நம் பள்ளிக்கு வந்தவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள்?

இது மட்டுமா? திறனறித் தேர்வு, நினைவாற்றல் பயிற்சி என்று மாதம் ஒரு கூட்டம் வருகிறது. வாசலில் கடலை விற்கும் அம்மாவை விரட்டுகிற காவலர், இவர்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிடுகிறார். ஆசிரியர் கையால் வாங்கியதைப் பிள்ளைகள் சந்தேகப்படுவதே இல்லை. அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் காசாக்கிக்கொண்டு போனார்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அந்தச் சான்றிதழ் செல்லாது என்று நீங்களே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதைப் பெற்றோர் தலையில் கட்டிவிடாதீர்கள். அப்புறம், முடிந்தால் அவர்களை ஒருநாள் காவலூருக்கு அழைத்துப் போங்கள். துணைக்கு வர நான் தயார். தயவுசெய்து இந்தப் பருவத் தேர்வுக்கு முன்பாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெரியம்மா