குப்பை வாளியைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

எங்கள் பள்ளி கேன்டீனில் மதியச் சாப்பாட்டை மாற்றக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். யாரை முதலில் சொல்வது என்பதிலேயே தடுமாற்றம். பதவி வரிசையில் எழுதினால் தலைமை ஆசிரியர் முதலில் வர வேண்டும், நடந்த வரிசையில் எழுதினால் மேஜை துடைக்கும் அக்காதான் முதலில். நடந்த வரிசையிலேயே போகிறேன், சார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்கா, உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோர் குழு என்று நாங்கள் ஐந்தாறு பேர் புது மெனு போட்டு, சுவரெல்லாம் காய்கறிப் படம் ஒட்டி, வேலை முடிந்தது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு நின்ற நாள் அது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "சுவரை அப்புறம் பாருங்க, முதல்ல இந்த வாளியைப் பாருங்க" என்றீர்கள். எங்கள் மெனு மொத்தமும் அதற்குள் கிடந்தது, காய் தொட்ட அடையாளமே இல்லாமல், ஆப்பிள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கடியோடு. எனக்கு அப்போது உங்கள் மேல் எரிச்சல்தான் வந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் தினமும் வாளிகளைப் பிரித்து வைத்து எடை போட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தாலும் ஒரு நாள் கூட விடாமல் செய்தீர்கள். நாங்கள் சந்தேகப்பட்டது போலப் பிள்ளைகளுக்குப் பழம் பிடிக்காமல் இல்லை. முழு ஆப்பிளைக் கடிக்க, முன்பல் விழுந்த சின்னப் பிள்ளைகளால் முடியவில்லை, பல்லுக்குக் கம்பி போட்ட பெரிய பிள்ளைகளாலும் முடியவில்லை, மற்றவர்களுக்கு நேரமில்லை. நறுக்கிக் கொடுத்தால் போதும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நறுக்கினால் கறுத்துப்போகுமே என்று நாங்கள் இழுத்தபோது, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கியெடுத்துக் காட்டியதும் உங்களில் ஒருவர்தான். காலையில் வந்து நறுக்கிக் கொடுக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், முக்கியமாகக் கையை வெட்டிக்கொண்ட பிறகும் மறுநாள் வந்தவருக்கும், நன்றி.

சமையல் அண்ணாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. பச்சைக் காய் சாம்பல் நிறத்தில், குழைந்து, தட்டில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து உங்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றே முடிவு கட்டியிருந்தோம். நீங்கள் விளக்கியபோதுதான் புரிந்தது. ஒரே அடுப்பு, ஒரே பெரிய பாத்திரம், காலையிலேயே எல்லாம் வெந்தாக வேண்டும். சமைத்ததைக் கிருமி பெருகாமல் வைத்திருக்க 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்தால் பச்சையத்தில் உள்ள மெக்னீசியம் கழன்று நிறம் மங்கத்தானே செய்யும். "கொஞ்சம் கொஞ்சமா வேக வெச்சுத் தந்தா எல்லாம் சாப்பிடுவாங்க, நான் எத்தனை வருஷமா சொல்றேன், யாரு கேட்டா?" என்றீர்கள். இன்னொரு அடுப்பும் உதவிக்கு இன்னொரு ஆளும் வந்த பிறகு, முதல் வரிசை சாப்பிடும்போதே அடுத்த வரிசைக்கான காய் வேகிறது. மெனுவில் ஒரு காய் கூட மாறவில்லை.

உணவியல் நிபுணர் மேடம், எங்கள் அவசரத்தைப் பிடித்து நிறுத்தியதற்கு நன்றி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது, குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு என்று படித்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்தே உப்பைப் பாதியாக்கச் சொன்னோம். நீங்கள் சிரித்துவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்குக்கே தெரியாது, ஒரே நாளில் குறைத்தால் எல்லாரும் உப்பு டப்பாவோடு வருவார்கள் என்றீர்கள். புதிய காயை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முறை, பத்து முறை, சிலருக்கு அதற்கு மேலும் ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள். நாங்களோ ஒரு தடவை வாளிக்குப் போன காயை மெனுவிலிருந்தே நீக்கிக்கொண்டிருந்தோம். இப்போது புதிதாக எதுவும் ஒரே ஒரு ஸ்பூன்தான், கட்டாயமில்லை, ஆனால் அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த வாரமும் வரும்.

தலைமை ஆசிரியர் சார், இப்போது உங்களிடம் வருகிறேன். சாப்பிட்ட பிறகு விளையாட்டு என்றிருந்தவரை, பாதித் தட்டோடு மைதானத்துக்கு ஓடத்தான் பிள்ளைகளுக்கு அவசரம். விளையாடிவிட்டு வந்தால் பசியோடும் வருவார்கள், அவசரமும் இருக்காது. சொல்வது சுலபம், அதற்காக முழுப் பள்ளியின் கால அட்டவணையையும் கலைத்து அடுக்க வேண்டும் என்பது நீங்கள் விடுமுறை நாளில் காகிதங்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வரிசையில் நிற்கும் நேரம் போக, உட்கார்ந்து சாப்பிட மட்டும் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே இல்லை என்பதைக் கடிகாரத்தோடு வரிசையில் நின்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், சாப்பாடு அவரவர் வீட்டுப் பாடு, பள்ளிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டபோது சமூக அறிவியல் டீச்சர் எழுந்து, பின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவச மதிய உணவு என்றும், ஜப்பானில் பிள்ளைகளே பரிமாறி ஆசிரியரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அதுவும் பாடமாகவே நடக்கிறது என்றும் நிதானமாகச் சொன்னார். மறுநாளே தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் நின்றதற்கு இன்னும் பெரிய நன்றி டீச்சர். கணக்கு சாரும் வந்து காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கிய அன்று வாளி எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

எங்களோடு சண்டை போட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பொரித்ததை எல்லாம் எடுத்துவிட்டீர்கள், பிள்ளை பசியோடு வீட்டுக்கு வருகிறான் என்று கத்தினீர்கள். கணக்குப் பார்த்தால் நீங்கள் சொன்னது சரி. ஆரோக்கியம் ஆரோக்கியம் என்று தட்டின் அளவையே சுருக்கியிருந்தோம், வளரும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? இப்போது தானியமும் பருப்பும் கேட்டால் இரண்டாம் முறை உண்டு.

கருத்துப் பெட்டியில் "வாசனை நல்லா இருக்கு, ஆனா எல்லாம் ஒரே கலர்" என்று எழுதிப் போட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. "காயை வரிசைல முதல்ல வெச்சா பசில சாப்பிட்டுடுவோம்" என்று எழுதியதும் அதே கையெழுத்து மாதிரித்தான் இருக்கிறது. இரண்டையும் செய்துவிட்டோம். நீ யாராக இருந்தாலும் வந்து சொல், குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பீட்ரூட் இன்னும் வாளிக்குத்தான் போகிறது, அதை என்ன செய்தாலும். ஐந்தாம் முறைதான் ஆகிறது, பார்ப்போம்.

போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "இந்த வாளி பாதிதான் ரொம்புது, எதுக்கு இவ்ளோ பெருசைத் தூக்கணும், சின்னதா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகிறோம் அக்கா. நீங்களும் வாங்க, கைப்பிடி எது வசதி என்று நீங்களே பார்த்து எடுங்கள்.